மலையகத்தில் இருந்து ஒருங்கிணைப்பு மென்பொருள்: உருவாக்கம், சோதனை, லைவ் மூன்றையும் எங்கே வைப்பது?

தேயிலைத் தொழிற்சாலையின் கொழுந்துத் தராசு ஒரு மென்பொருளில் எழுதுகிறது. தொழிலாளர்களின் வரவும் சம்பளமும் பதியும் செக்ரோல் இன்னொன்றில் இருக்கிறது. கணக்கு கொழும்புத் தலைமை அலுவலகத்தில் வேறொன்றில் ஓடுகிறது. வங்கிக்குப் போகும் சம்பளக் கோப்பு, ஊழியர் சேமலாப நிதிக்கான மாத விவரம், ஏலத்துக்கு முன் தரகருக்குப் போகும் இன்வொய்ஸ் விவரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வடிவம். ஒரே எண்ணை நான்கு பேர் நான்கு தடவை தட்டாமல், இவை தாமாகவே ஒன்றுக்கொன்று தகவல் கொடுக்கச் செய்வதுதான் ஒருங்கிணைப்பு மென்பொருளின் வேலை.

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை பக்கம் இந்த வேலையைச் சொந்த ஊரில் இருந்தே செய்ய விரும்பும் பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள். கொழும்பில் அறை எடுத்துத் தங்காமலே இதைச் செய்யலாம் என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் தொடங்கும்போதே ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். எழுதிப் பார்க்கும் இடம், சோதிக்கும் இடம், உண்மையாக ஓடும் இடம் என்ற மூன்று சூழல்களையும் எதில் அமைப்பது? லெப்டொப்பிலா, அலுவலகத்தில் ஒரு சர்வரிலா, கிளவுட்டிலா, கலந்தா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றுக்கும் சமமாகச் செலவு செய்யாதீர்கள். லைவ் சூழல் எப்படியும் தனக்கு வேண்டியதை வாங்கிவிடும். உருவாக்கச் சூழல் எளிமையாக இருந்தாலும் ஓடும். மிச்சமிருக்கும் காசையும் நேரத்தையும் சோதனைச் சூழலில் போடுங்கள். சாதாரண மென்பொருளில் பிழை வந்தால் திரையில் தெரியும், யாராவது போன் எடுத்துச் சொல்வார்கள். ஒருங்கிணைப்பில் வரும் பிழை இரண்டு மென்பொருள்களுக்கு நடுவில், யார் கண்ணிலும் படாமல் ஒரு மாதம் கிடக்கும். சம்பள நாளில்தான் வெளியே வரும். அன்றைக்கு அதன் விலையைக் கொடுப்பது கொழுந்து பறித்த பெண்.

ஒரே லெப்டொப்பில் எல்லாம்

தொடக்கத்தில் எல்லோரும் வருகிற இடம் இதுதான். செலவு இல்லை, இணைப்பு போனாலும் வேலை நடக்கும். மைக்ரோசொப்ட்டின் பிஸ்டோக் சர்வர் போன்ற கனமான ஒருங்கிணைப்பு மென்பொருள் என்றால் விண்டோஸ், எஸ்.கியூ.எல் சர்வர், விஷுவல் ஸ்டூடியோ எல்லாம் சேர்ந்து வேண்டும். அவற்றை ஒரு மெய்நிகர் கணினிக்குள் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) நிறுவி, எல்லாம் சரியாக ஓடும் நிலையில் அதை அப்படியே ஒரு ஸ்னாப்ஷொட்டாக எடுத்து வைத்தால், கெடுத்துக்கொண்டாலும் சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பலாம். நிறுவவே ஒரு நாள் பிடிக்கும் மென்பொருளுக்கு இது பெரிய உதவி. பிஸ்டோக்குக்கும் எஸ்.கியூ.எல் சர்வருக்கும் உருவாக்கத்துக்கும் சோதனைக்கும் மட்டும் பயன்படுத்தக்கூடிய இலவச டெவலப்பர் பதிப்புகள் இருக்கின்றன. லைவுக்கு அவற்றைப் பயன்படுத்த முடியாது.

உருவாக்கச் சூழலாக லெப்டொப் நல்ல தேர்வுதான். சோதனைச் சூழலாக வைத்தால் தோற்றுப்போகும். எழுதுகிறவரின் லெப்டொப்பில் லைவில் இல்லாத நூறு விஷயங்கள் இருக்கும்: ஒரு கூடுதல் மென்பொருள் நூலகம், அட்மின் உரிமை, எப்போதோ திறந்துவிட்ட நெட்வேர்க் போர்ட், வேறொரு ஜாவா பதிப்பு. அங்கே ஓடியது என்பதால் தொழிற்சாலையிலும் ஓடும் என்று சொல்ல முடியாது. லைவை லெப்டொப்பில் வைப்பதைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

அலுவலகத்தில் ஒரு சர்வர்

ஹட்டன் டவுனில் ஒரு மாடியில் அலுவலகம், ஒரு மூலையில் சர்வர். ஒரு தடவை ரூபாயில் காசு கொடுத்தால் போதும், மாதாமாதம் டொலர் கட்ட வேண்டாம். 2022இல் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. டொலரில் கட்டணம் கட்டிய ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே சேவையின் விலை ரூபாய்க் கணக்கில் முக்கால் பங்குக்கு மேல் ஏறியது. சொந்த சர்வர் வைத்திருந்தவருக்கு அந்த அதிர்ச்சி இல்லை.

ஆனால் அதே 2022இல் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. யூ.பி.எஸ் அதற்கெல்லாம் ஈடு கொடுக்காது. மலையகத்துக்கென்று வேறு ஆபத்துகளும் உண்டு. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரத்தில் வரும் இடிமின்னல் ரவுட்டரையும் நெட்வேர்க் கார்ட்டையும் எரித்துவிடும். மழைக்கால ஈரம் மின்விசிறியையும் இணைப்பு முனைகளையும் மெதுவாக அரிக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மண்சரிவால் பாதைகளும் மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் நாட்கணக்கில் இல்லாமல் போயின. அலுவலகத்தில் இருக்கும் ஒரே சர்வரில் லைவும் பேக்கப்பும் சேர்ந்து இருந்தால், அப்படி ஒரு வாரத்தில் ஒரு தோட்டத்தின் முழு மாதச் சம்பளமும் சிக்கிக்கொள்ளும்.

கட்டாயம் ஒரு இயந்திரத்தைக் கையில் வைக்க வேண்டும் என்றால், உங்கள் அலுவலகத்தை விடத் தொழிற்சாலையே நல்ல இடம் என்பேன். தொழிற்சாலைக்கு ஜெனரேட்டர் அவசியம். வாட்டப் போட்ட கொழுந்து மின்சாரத்துக்காகக் காத்திருக்காது. தரவு பிறக்கும் தராசும் அங்கேதான் இருக்கிறது. எர்த் சரியாகப் போட்டு, மின்னல் தடுப்பான் வைத்து, தூசி வராத அறையில் வையுங்கள். சல்லடை அறைப் பக்கம் வேண்டாம். தேயிலைத் தூள் எந்தக் கணினியையும் விட்டுவைக்காது.

முழுக்க கிளவுட்டில்

அமேசன், மைக்ரோசொப்ட், கூகிள் மூன்றுக்கும் இலங்கைக்குள் தரவு மையப் பிராந்தியம் இல்லை. அருகில் இருப்பவற்றில் சில மும்பை, சிங்கப்பூர், மைக்ரோசொப்ட்டுக்குச் சென்னையும் புனேயும். இந்த வேலைக்கு அந்தத் தூரம் பிரச்சினையே இல்லை. சம்பளக் கோப்பு அரை விநாடி பிந்திப் போனால் யாருக்கும் தெரியாது. ரூபாயில் கட்டணம் வாங்கும் கொழும்புத் தரவு மையங்களும் உண்டு. டொலருக்குப் பயந்தவர்கள் அவற்றை விசாரித்துப் பார்க்கலாம்.

கிளவுட்டின் உண்மையான பலம் சோதனைச் சூழலில்தான் தெரியும். வேண்டும்போது உருவாக்கி, வேண்டாதபோது அணைக்கலாம். வாரத்துக்கு 168 மணித்தியாலம். வேலை நேரம் 40. மிச்ச நேரம் அணைத்து வைத்தால் இயங்கும் கட்டணம் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே வரும். சேமிப்பகத்துக்கு மட்டும் தொடர்ந்து கட்ட வேண்டும். அணைப்பதை ஆளின் ஞாபகத்தில் விடாமல் நேரம் குறித்துத் தானாக அணையும்படி செய்யுங்கள்.

பலவீனமும் வெளிப்படையானது. இணைய லைன் போனால் தொழிற்சாலை தனித்துவிடும். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் இணைப்பு வரும்வரை பொறுங்கள் என்று சொல்ல முடியாது. பின்னேர மழையில் கூடையோடு வரிசையில் நிற்கிறவர்களை நிறுத்தி வைக்கும் மென்பொருளை எந்தத் தோட்டத்திலும் இரண்டாம் நாள் தொடமாட்டார்கள், தொடக்கூடாது.

கலந்து வைப்பது

ஆகவே பெரும்பாலான குழுக்களுக்கு நான் சொல்வது இது. உருவாக்கம் அவரவர் லெப்டொப்பில். சோதனையும் லைவும் கிளவுட்டில், ஒரே அச்சில். தொழிற்சாலையில் ஒரு சிறிய கணினி. அது நிறுவைச் சீட்டுகளை முதலில் தன்னிடமே எழுதி வைத்து, லைன் இருக்கும்போது மேலே அனுப்பும். லைன் இல்லையென்றால் வரிசையில் வைத்துக் காத்திருக்கும். நிறுவை ஒருபோதும் நிற்காது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. லைன் அரைகுறையாக இருக்கும்போது தொழிற்சாலைக் கணினி சீட்டை அனுப்பும், அது மேலே போய்ச் சேரும், ஆனால் கிடைத்தது என்ற பதில் திரும்பி வராது. அது மறுபடி அனுப்பும். இப்போது ஒரே 18 கிலோ இரண்டு தடவை பதிவாகும். ஒவ்வொரு சீட்டுக்கும் பிறக்கும் இடத்திலேயே மாறாத ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் மேலே உள்ள பக்கம் ஏற்றுக்கொண்டதாகப் பதில் சொல்லிவிட்டுப் பதியாமல் விட வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத கலப்பு முறையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த முறையில் சோதனைச் சூழலுக்கும் ஒரு தொழிற்சாலைக் கணினி வேண்டும். கிளவுட்டில் மட்டும் நகல் எடுத்துவிட்டு, தொழிற்சாலைப் பக்கத்தை மனதால் நினைத்துக்கொள்வது போதாது. அதே மாதிரிக் கணினி இன்னொன்றை வாங்கி அலுவலக மேசையில் வையுங்கள். நிறுவைகள் ஓடிக்கொண்டிருக்கும்போது லைன் வயரைப் பிடுங்குங்கள். மின்சாரத்தையே நிறுத்துங்கள். ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பக் கொடுங்கள். பிறகு கணக்குப் பாருங்கள்: அனுப்பியவை எத்தனை, பதிவானவை எத்தனை, இரண்டு தடவை வந்தவை எத்தனை? ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் இதைச் செய்ய வேண்டும்.

சோதனைச் சூழலுக்குள் என்ன இருக்க வேண்டும்

முதலில் தரவு. லைவ் தரவை அப்படியே நகலெடுத்துப் போடுவதுதான் சுலபம். ஆனால் அதில் மனிதர்களின் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் சம்பளமும் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அவர்களுடைய விவரம் நமது சோதனைப் பொருளாகக் கூடாது. பெயரையும் இலக்கங்களையும் மாற்றிவிட்டு, தரவின் கோணல்களை மட்டும் அப்படியே வைத்திருங்கள்.

அந்தக் கோணல்கள்தான் சோதனைக்கு உயிர். 2016க்கு முந்தைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். பிந்தையதில் பன்னிரண்டு இலக்கம். ஒரே ஆள் செக்ரோலில் பழைய இலக்கத்தோடும் வங்கியில் புதிய இலக்கத்தோடும் இருப்பார். தோட்டத்தின் ஒரே பிரிவில், அதாவது ஒரே டிவிஷனில், ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள். செக்ரோல் நம்பர்தான் அவர்களைப் பிரிக்கும். பெயர் ஒரு இடத்தில் தமிழிலும் இன்னோர் இடத்தில் ஆங்கில எழுத்திலும் இருக்கும். பழைய பதிவுகளில் பாமினி எழுத்துருவில் தட்டிய பெயர்கள் இன்னும் கிடக்கும். யூனிகோடுக்கு மாற்றாமல் படித்தால் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். இவை ஒவ்வொன்றுக்கும் சோதனைத் தரவில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

பேர், அரைப்பேர் என்ற நாள் வேலைக் கணக்கும் அப்படித்தான். நாளுக்கு நிர்ணயித்த கிலோவை எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், கூடினால் மேலதிக கிலோவுக்குத் தனிக் காசு. நிர்ணயித்த அளவுக்குச் சரியாக அதே எடை வந்தால் என்ன ஆகும்? அரைக் கிலோ குறைந்தால்? ஒரே நாளில் காலையில் ஒரு டிவிஷனிலும் பின்னேரம் இன்னொன்றிலும் பறித்தால்? எல்லைக் கோட்டில் நிற்கும் இந்த எண்களைச் சோதிக்காமல், நடுவில் இருக்கும் எண்களை ஆயிரம் தடவை ஓட்டிப் பயனில்லை. முடிவில் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 சதவீதமும் நிர்வாகத்தின் 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் தனித்தனியாகக் கூட்டி, மொத்தச் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். சதம் சுருக்கும் விதம் இரண்டு மென்பொருளில் இரண்டு விதமாக இருந்தால் இங்கேதான் பிடிபடும்.

அப்புறம் நேரம். கிளவுட் சர்வர்கள் வழக்கமாக உலகப் பொது நேரத்தில் ஓடும். நமது நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னே. பகலில் நிறுக்கும் கொழுந்துக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் தொழிற்சாலை இரவில் வேலை செய்யும். அதிகாலை இரண்டு மணிக்குப் பதியும் ஒரு தேயிலைக் கணக்கு, உலகப் பொது நேரத்தில் முந்தைய நாளுக்குப் போய்விடும். அது முதலாம் திகதி என்றால் முந்தைய மாதத்துக்கே போய்விடும். மாதக் கடைசி இரவைத் தாண்டும் ஒரு சோதனையைத் தவறாமல் வையுங்கள்.

சோதனைச் சூழலில் இருந்து லைவ் வங்கிக்கோ உண்மையான கைபேசி இலக்கங்களுக்கோ எதுவும் போகக்கூடாது. கவனமாக இருப்போம் என்று விடாமல், நெட்வேர்க்கிலேயே அந்த வழியை அடைத்துவிடுங்கள். எதிர்ப்பக்கம் சோதனை இணைப்பு தராவிட்டால், அதைப் போலவே பதில் சொல்லும் ஒரு போலிச் சேவையை நீங்களே எழுதி வையுங்கள். சரியான பதிலோடு பிழையான பதிலையும் பதிலே தராமல் இழுத்தடிப்பதையும் அது செய்ய வேண்டும்.

எந்த மென்பொருள் என்பதும் முடிவை மாற்றும்

பிஸ்டோக் 2000ஆம் ஆண்டில் வந்தது. 2020 பதிப்பே கடைசி என்று மைக்ரோசொப்ட் அறிவித்துவிட்டது; நீட்டித்த ஆதரவு 2030 ஏப்ரல் வரை. ஏற்கெனவே அதில் ஓடும் ஒரு கம்பனிக்கு வேலை செய்கிறீர்கள் என்றால், மெய்நிகர் கணினிகளில் மூன்று சூழல்களையும் ஒரே பதிப்பு, ஒரே திருத்தப் பொதியில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் முதன்மை இரகசியச் சாவியைப் பேக்கப் எடுத்து, சர்வர் இருக்கும் கட்டடத்துக்கு வெளியே வையுங்கள். அந்தச் சாவி போனால் சேமித்த கடவுச்சொற்கள் எதையும் மீட்க முடியாது. புதிதாகத் தொடங்குகிறவர் பிஸ்டோக்கில் தொடங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

2005இல் இலங்கையர் ஒருவரும் சேர்ந்து தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தின் மைக்ரோ இன்டகிரேட்டர், அப்பாச்சி கெமல் என்ற இரண்டு ஒருங்கிணைப்பு மென்பொருள்களும் திறந்த மூலத்தில் வருபவை. இரண்டும் ஜாவாவில் ஓடும், கொன்டெய்னருக்குள் (மென்பொருளையும் அது ஓடத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டிய பெட்டி) அடங்கும். லெப்டொப்பில் ஓடிய அதே கொன்டெய்னர் சோதனையிலும் லைவிலும் ஓடும் என்பதால், முதல் தெரிவில் சொன்ன பதிப்புக் குழப்பத்தில் பாதி இங்கே இல்லாமல் போகிறது. டபிள்யூ.எஸ்.ஓ.2வில் வரைபட முறையில் கோர்க்கலாம், நாட்டுக்குள்ளேயே அதைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள். கெமல் ஜாவா நன்றாகத் தெரிந்த குழுவுக்கு ஏற்றது. சிறியது, தொழிற்சாலைக் கணினியிலும் இலகுவாக ஓடும். ஜாவா தெரிந்த ஒருவராவது உங்களிடம் இருந்தால் தொழிற்சாலைப் பக்கத்துக்குக் கெமலையே எடுப்பேன்.

எதை எடுத்தாலும் நிரலில் இருந்து உருவாகும், நிறுவுவதற்குத் தயாரான பொதி ஒரு தடவைதான் கட்டப்பட வேண்டும். சோதனையில் தேறிய அதே பொதி லைவுக்குப் போகட்டும். லைவுக்கென்று மறுபடி கட்டினால் நீங்கள் சோதித்தது வேறு, ஓட்டுவது வேறு. சூழலுக்குச் சூழல் மாறும் முகவரி, கடவுச்சொல், சம்பள விகிதம் எல்லாம் பொதிக்கு வெளியே அமைப்புக் கோப்பில் இருக்க வேண்டும்.

சம்பள விகிதத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், நமது தோட்டங்களில் அது எப்படி மாறுகிறது என்று பாருங்கள். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாய். 2024 மே மாதத்தில் 1700 என்று வர்த்தமானி வந்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. செப்டம்பரில் 1350 என்று புதிய வர்த்தமானி. நிரலுக்குள் விகிதத்தை எழுதி வைத்தவர் ஒவ்வொரு தடவையும் பொதியைக் கட்டிச் சோதித்து ஏற்ற வேண்டும். வெளியே தேதியோடு வைத்தவர் ஒரு வரியை மாற்றி, சோதனையில் ஒரு மாதத்தை ஓட்டிப் பார்த்து, அதே நாளில் முடித்துவிடலாம். 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் 2020 ஏப்ரலில் கோவிட் முடக்கத்துக்குள் மின்னணு முறைக்கு மாறியதும் இப்படித்தான், யாருக்கும் ஆறுதலாக நேரம் கொடுக்காமல் வந்தது.

எந்தக் குழுவுக்கு எது

இரண்டு மூன்று பேர், ஒரே ஒரு தொழிற்சாலை: லெப்டொப்பில் உருவாக்கம், கிளவுட்டில் நேரம் குறித்து அணையும் சோதனைச் சூழல், தொழிற்சாலைக் கணினியில் லைவின் ஒரு பகுதி, கிளவுட்டில் மிச்சம். டொலரில் கட்டவே முடியாத நிலை என்றால் லைவைத் தொழிற்சாலையிலேயே வைத்து, பேக்கப்பை ஒவ்வொரு இரவும் கொழும்புத் தரவு மையம் ஒன்றுக்கு அனுப்புங்கள். அந்தப் பேக்கப்பை மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது சோதனைச் சூழலில் திறந்து பாருங்கள்.

பல தோட்டங்களை வைத்திருக்கும் கம்பனிக்கு வேலை என்றால், சோதனைக்கும் லைவுக்கும் நடுவில் நான்காவதாக ஒரு ஒத்திகைச் சூழலும் வேண்டும். தோட்டத்துக் கணக்கர்கள் தாமே வந்து சரி பார்க்கும் இடம் அது. அவர்கள் ஒரு மாத செக்ரோலைக் கையால் போட்ட கணக்கோடு ஒப்பிட்டு ஒப்புதல் தரும்வரை எதையும் லைவுக்கு ஏற்ற வேண்டாம்.

லைவுக்கு ஏற்றும் நாளையும் யோசித்து வையுங்கள். சம்பள நாளுக்கு முந்தைய வாரத்தில் வேண்டாம், ஏலத்துக்கான விவரம் போகும் நாளில் வேண்டாம். யார் ஏற்றுகிறார், பிழை வந்தால் எந்தப் பழைய பொதிக்கு எத்தனை நிமிடத்தில் திரும்புவது, அந்த நேரத்தில் தொழிற்சாலையில் போன் எடுக்கப்போவது யார் என்று ஒரு தாளில் எழுதி, தொழிற்சாலை அலுவலகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.